ஃபாரின்காரர் போகாத ஊர்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் ஃபாரின்காரர்தான். பட்டறை வாசலில் தொங்கிய போர்டிலேயே 'ஃபாரின் கிரில் ஒர்க்ஸ்' என்றுதான் எழுதியிருந்தது. ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இழுத்துப் பூட்டும் கேட், எதைச் செய்து கொடுத்தாலும் வெல்டிங் வைத்த இடம் விரலால் தடவினால்கூடத் தெரியாது. "சும்மாவா, வெளிநாட்டுல கத்துக்கிட்ட கையாச்சே" என்று ஜனங்கள் மெச்சுவார்கள். அவர் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொள்வார். புகழ்ச்சி பிடிக்காத மனிதர் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

விஷயம் என்னவென்றால், அவர் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. அந்தக் கை வேலையைக் கற்றுக்கொண்டது ஜெயிலில்.

வயசுக் காலத்தில் வேறொரு ஊரில் இரும்புக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தார். மேஸ்திரியோடு வாய்த் தகராறு முற்றி, கைக்குக் கிடைத்த குழாயால் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டார். மேஸ்திரிக்கு ஒரு காது கேட்காமல் போனது. இவர் ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தார். அடித்தது தப்பு என்று அவருக்கு அப்போதே தெரியும். இப்போதும் யாராவது "என்ன, காது கேக்கலையா?" என்று சாதாரணமாகச் சொன்னால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவார்.

அவருடைய அக்கா வாக்கப்பட்டு வந்த ஊர் இது. "உன் தம்பி எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் "வெளிநாட்டுல வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டுமே. தம்பி விடுதலையான அன்று ஜெயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு பெரிய நீலப் பெட்டியோடு காத்திருந்தாள். உள்ளே மடிப்புக் கலையாத சட்டை, வாசனை சோப்பு, மிட்டாய் டப்பா, ஒரு சென்ட் பாட்டில்.

"சட்டையை மாத்திக்கோ. இனிமே நீ வெளிநாட்டுல இருந்து வர்றே, புரியுதா?"

"எந்த நாடுக்கா?"

அதை அக்கா யோசித்திருக்கவில்லை. சென்ட் பாட்டிலைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஒரு நாடும் ஒரு ஊரும் அச்சடித்திருந்தது. "இதுதான்" என்றாள். பெட்டியோடு அவர் தெருவுக்குள் நுழைந்தார். சோப்பும் மிட்டாயும் வீடு வீடாகப் போயின. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்றுதான் பெண்ணும் கொடுத்தார்கள். அக்கா இப்போது இல்லை. பட்டத்தைச் சூட்டிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைக் கட்டிக்கொண்டு அழுகிற வேலை இவருக்கு.

இப்படி ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குக் காது கூர்மையாகிவிடும். "அங்கெல்லாம் எப்படிங்க?" என்று யாராவது கேட்டால், தெரியாமல் கேட்கிறானா, போட்டு வாங்குகிறானா என்று முகத்தைத் துருவுவார். நிஜமாகவே வெளிநாடு போய் வந்தவர்கள் தெருவில் தலைகாட்டினால் பட்டறையின் பின்பக்கம் நழுவிவிடுவார். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஜன்னல் கம்பி போட ஆள் வந்தபோது, கைவசம் வேலை நிறைய இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டு அந்த வாரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெயிலுக்கு 'மாமியார் வீடு' என்று பெயர் வைத்தவன் எவனோ, அவனை அவர் மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. சொந்த மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போதுகூட "அவங்க அம்மா வீடு வரைக்கும்" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்.

வீட்டுக்குள்ளே சந்தேகம் வேறு தினுசாக இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் தூக்கத்தில் "இருநூத்திப் பதினாலு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஜெயிலில் அவரைக் கூப்பிட்ட நம்பர் அது. மனைவி அதைக் கதவு நம்பர் என்று எடுத்துக்கொண்டாள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவரிடம் ஒரு போட்டோ இல்லை, கூட வேலை பார்த்தவன் என்று ஒருத்தன் பெயர் இல்லை, அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே முகம் மாறுகிறது. அப்படி மூடி மறைக்க ஒரு பெண்ணைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? அந்த நம்பர் போட்ட கதவுக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"அவகிட்டயும் இப்படித்தான் எரிஞ்சு விழுந்தீங்களா?" என்பாள் சண்டையில்.

"எவகிட்ட? அப்படி யாரும் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப அந்த நம்பர் என்ன?"

இந்த இடத்தில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். ஜெயிலைவிட அந்த இல்லாத ஒருத்தியே தேவலை என்று விட்டுவிட்டார். அவளும் முப்பது வருஷமாக அவர்களோடு அதே வீட்டில் குடியிருந்தாள்.

மகளிடம் மட்டும்தான் அவர் வாய் திறப்பார். ஒரே பெண். சாப்பிட அடம் பிடித்தாலும் காய்ச்சலில் படுத்தாலும் அவளுக்கு அப்பாவின் வெளிநாட்டுக் கதை வேண்டும். இல்லாத ஊரைப் பற்றி எதைச் சொல்வது? தெரிந்த ஊரைப் பற்றிச் சொன்னார்.

"அங்க எல்லாத்துக்கும் மணிதான். மணி அடிச்சா எழுந்திரிக்கணும், மணி அடிச்சா சாப்பாடு. யாரும் முண்டியடிக்க மாட்டாங்க, தட்டை எடுத்துக்கிட்டு வரிசையா நிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி துணி. இவன் பணக்காரன், அவன் ஏழைன்னே தெரியாது. பொழுது சாய்ஞ்சா கதவெல்லாம் பூட்டிடும். திருட்டுப் பயமே கிடையாது."

மகள் கண் கொட்டாமல் கேட்பாள். அவளுக்குப் பிடித்தது பூனைக் கதை. ஒரு சாம்பல் பூனை தினமும் அவர் தட்டுப் பக்கத்தில் வந்து உட்காரும். "அது எந்த மணிக்கும் அசையாது. அது பாட்டுக்கு உள்ள வரும், வெளிய போகும். எங்க வந்தே, எங்க போறேன்னு அதை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." கடைசியில் பூனைக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பட்டறையில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

அந்தப் பெண் வளர்ந்து, படித்து, உலகத்தில் இத்தனை நாடு இருக்க, அப்பா இருந்த நாட்டுக்குத்தான் போவேன் என்று நின்றாள். போயும் விட்டாள். போன முதல் வாரம் போனில், "அப்பா, இங்க மணியே அடிக்கலையே?" என்றாள். "அது அந்தக் காலம்மா" என்று மென்று விழுங்கினார். அவள் சிரித்தாளா, சும்மா இருந்தாளா என்று போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். அங்கேயே வேலை பார்த்த ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் தடவை வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது தடவை டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேரும் வாங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு. நீங்க இருந்த நாடுதானே, அம்மாவையும் பத்திரமாக் கூட்டிட்டு வந்துடுவீங்க."

"அவர் இல்லாம நான் தனியா விமானம் ஏற மாட்டேன்" என்றாள் மனைவி. அவளுக்கு மகளைப் பார்க்கிற ஆசையோடு, அந்த ஊரையும் ஒரு கண் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. அவருக்கோ மகளின் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. இந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் அப்புறம் எதற்கு அப்பன் என்று நினைத்தார். போயே ஆக வேண்டும்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம். எத்தனை கம்பி எண்ணினீங்க இதுக்கு?" என்று கேட்டார். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்றுதான் அந்த மனிதர் கேட்டார். தன் வீட்டு ஜன்னலுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று அளவு சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். ஆனாலும் 'எண்ணினீங்க' என்று ஏன் சொல்ல வேண்டும், 'போட்டீங்க' என்று சொன்னால் என்ன என்று இவர் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விசா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் தெருமுனை டிராவல்ஸ்காரர். பழகிய ஆள், ரொம்பப் பழகிய ஆள், அதுதான் வினை. ஒரு கேள்வியையும் பாதிக்குமேல் கேட்கவிடாமல் தானே பதில் சொல்லிக்கொண்டு தட்டினார்.

"முன்னாடி அந்த நாட்டுல இருந்திருக்கீங்களான்னு கேக்குது. இதென்ன கேள்வி அண்ணே, ஊருக்கே தெரியும். எவ்வளவு காலம்?"

"ஒன்றரை வருஷம்" என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமல்.

"பழைய பாஸ்போர்ட்?"

"தொலைஞ்சு போச்சு" என்றார் அவர்.

"சரி. அடுத்தது, கோர்ட்டு கேஸ், தண்டனை ஏதாவது உண்டான்னு கேக்குது." டிராவல்ஸ்காரர் குலுங்கிச் சிரித்தார். "உங்களை மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டா எங்க வீட்டு கேட்டை யாரு செய்யறது? இல்லைன்னு போட்டாச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

போட்டார். பேனா வழுக்கியது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு அந்த 'இல்லை'தான் தொண்டையில் சிக்கிய முள். டிராவல்ஸ்காரர் ஏன் மாமியார் வீடு என்றார்? ஜெயில் என்று சொல்லியிருக்கலாமே. ஒருவேளை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாரா? காரணமில்லாமல் அந்தக் கடைப் பக்கம் போய், போவோர் வருவோரிடம் அவர் என்ன பேசுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். டிராவல்ஸ்காரர் அவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினால் சந்தேகம்; நிறுத்தாமல் பேசினால் அதைவிடச் சந்தேகம். அந்த நாட்டில் இருந்திருக்கிறார் என்பதற்கு 'ஆம்' என்று போட்ட இன்னொரு பதில் அவர் நினைப்பில்கூட இல்லை. அந்தப் பொய்தான் பழகிப் பழகித் தோலோடு தோலாக ஒட்டிப்போயிருந்ததே.

தூதரகத்தில் இருந்து இருவரையும் நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஜெயிலைத் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. என்ன கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தார். இளம் வயசு, தெரியாமல் நடந்துபோச்சு, அதற்கப்புறம் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தொந்தரவு கொடுத்ததில்லை. ஆனால் இதை மனைவி காதில் விழாமல் எப்படிச் சொல்வது? அவளை வெளியே உட்கார வைத்துவிடலாம் என்று பார்த்தார். குடும்பமாக விண்ணப்பித்தவர்களைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம்.

சின்ன அறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரியும், அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண்ணும். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. கண்ணாடியின் கீழே ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் பேச்சு. பேசுவதற்கு இப்படி ஓட்டை வைத்த இடம் அவருக்குப் புதிதல்ல.

"எங்க நாட்டுல ஒன்றரை வருஷம் இருந்ததாச் சொல்லியிருக்கீங்க" என்றாள் மொழிபெயர்க்கும் பெண். "எந்த ஊர்ல?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சென்ட் பாட்டிலில் இருந்த ஊரைச் சொன்னார்.

"எங்க தங்கியிருந்தீங்க?"

"கம்பெனி ரூம்லதான்."

"கம்பெனி பேரு?"

சென்ட் பாட்டிலில் கம்பெனி பெயர் ஏதும் இருந்ததா என்று யோசித்தார். பக்கத்தில் மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். முப்பது வருஷமாகத் தான் கேட்டுப் பதில் வராத கேள்வியை ஒரு அரசாங்கமே கேட்கிறது. "நல்லாக் கேளும்மா" என்றாள் ஓட்டைக்குக் குனிந்து. "யாரோட தங்கியிருந்தார்னு கேளு."

அந்தப் பெண் சற்றுக் குழம்பி அதை அப்படியே அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி இவரை இன்னும் உற்றுப் பார்த்தார். நீளமாக ஏதோ பேசினார்.

"நீங்க எங்க நாட்டுக்கு உள்ள வந்ததுக்கு ஒரு பதிவும் இல்லையாம். பதிவு இல்லாம ஒன்றரை வருஷம் இருந்தீங்கன்னா கள்ளத்தனமா வந்து இருந்திருக்கீங்க. யார் கூட்டிட்டு வந்தாங்க, யார் ஒளிச்சு வச்சாங்கன்னு சொல்லணும். இப்ப உங்களை அழைச்சிருக்கிறது உங்க பொண்ணு. அவங்களையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டி வரலாம்னு சொல்றார்."

படுக்கையைவிட்டு எழுந்திரிக்கக் கூடாத பெண்ணை எழுப்பி எங்கேயோ ஒரு கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். அவளும் "எங்கப்பா இங்கதான் இருந்தார், மணி அடிச்சா சாப்பாடு போடுவாங்களாம்" என்று சொல்லுவாள். அவர் ஓட்டைக்குக் குனிந்தார்.

"அவளை விட்டுடுங்கம்மா. நான் அந்த நாட்டுக்கு வந்ததே இல்லை."

"அப்ப அந்த ஒன்றரை வருஷம்?"

"உள்ள இருந்தேன்."

"அதைத்தான் கேக்கறாங்க. எங்க நாட்டுக்கு உள்ள எப்படி..."

"அந்த உள்ள இல்லம்மா." அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. ஓட்டையைப் பார்த்தே சொன்னார். "ஜெயில்ல இருந்தேன். ஒரு ஆளை அடிச்சுட்டேன். வெளிநாடுன்னு எங்கக்கா சொல்லி வச்சது."

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். இரண்டு பஸ் வந்தது. அவள் ஏறவில்லை, அவரும் ஏறவில்லை. இனி என்ன வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவாளா, இங்கேயே நடுரோட்டில் ஆரம்பிப்பாளா?

"அந்த இருநூத்திப் பதினாலு?" என்றாள் கடைசியில்.

"என் நம்பர். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க."

"கதவு இல்லையா?"

"இல்லை."

"அப்ப ஒருத்தியும் இல்லை."

"இல்லைன்னுதானே அன்னையில இருந்து சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். "அவ என்ன நிறம், என்ன உசரம்னு நான் நினைச்சு நினைச்சு... அவளுக்குப் பயந்து நான் நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு நின்னிருக்கேன், தெரியுமா உங்களுக்கு? ஜெயில்னு சொல்லியிருந்தா ஒரு மாசம் அழுதுட்டு எழுந்திருச்சிருப்பேனே. இப்படியா ஒரு மனுஷியை முப்பது வருஷம் போட்டு அலைக்கழிப்பீங்க?" அவள் கோபம் நியாயமானது. அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். அவர் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முடிவு டிராவல்ஸ்காரர் மூலமாக வந்தது. மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது. அவருக்கு இல்லை.

"ஜெயிலுக்காகவா?" என்று கேட்டார், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து.

டிராவல்ஸ்காரர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது ரொம்பப் பழசுண்ணே. உண்மையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கன்னுதான் தோணுது. அங்க இருந்தேன்னு பொய் சொன்னதுக்குத்தான் நிறுத்திட்டாங்க. இனிமே கொஞ்ச வருஷத்துக்கு விண்ணப்பமே போட முடியாது." பிறகு மெதுவாக, "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, கவலைப்படாதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை ஆட்டிவிட்டது. மறுநாளும் தெருவில் அவரை ஃபாரின்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் யார் குரலில் சிரிப்பு ஒளிந்திருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தனியாக ஏற மாட்டேன் என்ற மனைவி தனியாகவே கிளம்பினாள். பரண் மேலிருந்த நீலப் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். டீக்கடையோடு நின்றுபோன அந்தப் பெட்டி இப்போதுதான் முதல் தடவையாக வெளிநாடு போகிறது. விமான நிலைய வாசலில் அவர் கேட்டார்:

"பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறே?"

"போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குமேல் அவருக்கு வாழ்க்கை போனில்தான் இருந்தது. மகள் பேசும்போது குரல் இறங்கியிருந்தால், தெரிந்துவிட்டது என்று நினைப்பார். மாப்பிள்ளை வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினால், இவனுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைப்பார். மனைவியிடம் கேட்டால் "இங்க குளிர், வேற என்ன" என்பாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை. சந்தோஷத்தில் பட்டறையை அன்றைக்கு அடைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதார். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மகள் ஒரு பகல் வேளையில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க."

அவர் கையில் இருந்த, இரும்பு தேய்க்கிற கிரைண்டரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னா?"

"உங்களுக்கு ஏன் விசா கிடைக்கலைன்னு. நீங்க இங்க இருந்தப்ப பாஸ்போர்ட் தொலைஞ்சுதாமே, அதுல நீங்க வந்த பதிவே காணாமப் போயிடுச்சாம். என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன? இங்க அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. நான் நேர்ல போய் மனு கொடுத்துத் தேடச் சொல்றேன். நீங்க வந்த வருஷம் மட்டும் சொல்லுங்க, போதும்."

மனைவி அப்படிச் சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம் அவளை அலைக்கழித்த பொய்யைத் தன் கையாலேயே ஒட்டுப்போட்டு மகளிடம் கொடுத்திருக்கிறாள். அவருக்கு மனைவிமேல் பொங்கிக்கொண்டு வந்தது, அது நன்றிதான். வருஷத்தை மட்டும் சொன்னால் போதும். பச்சை உடம்போடு, கையில் குழந்தையோடு, இல்லாத பதிவைத் தேடிக்கொண்டு அந்தப் பெண் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவளை உற்றுப் பார்ப்பார்.

"நீ எங்கேயும் போகாதே" என்றார். "நான் அந்த ஊருக்கு வந்ததே இல்லம்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

சொன்னார். மேஸ்திரி, குழாய், காது, ஒன்றரை வருஷம், டீக்கடை, நீலப் பெட்டி, எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிவிட்டதா, அவளே கட் பண்ணிவிட்டாளா என்று போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தார். இணைப்பு இருந்தது. குழந்தை லேசாக முனகுவது கேட்டது.

"அப்ப அந்த மணி?" என்றாள் மகள்.

"அங்க அடிச்சதுதான்."

"எல்லாருக்கும் ஒரே துணின்னு சொன்னது? கதவு பூட்டிடும்னு சொன்னது?"

"எல்லாம் நெசம்தாம்மா. ஊர்தான் பொய்."

"நான் அந்த ஊரைத் தேடித்தானேப்பா இங்க வந்தேன்."

அவர் மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவள் கேட்டாள்:

"அந்தப் பூனைக்கு என்ன ஆச்சு? அதை மட்டும் நீங்க சொன்னதே இல்லை."

அவர் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் கண்ணில் படவில்லை.

"நான் வெளிய வந்த அன்னைக்கு அது ஜெயில் கேட் வரைக்கும் கூடவே வந்துது. எங்கூட வந்துடும்னு நினைச்சேன். கேட்டைத் திறந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, திரும்பி உள்ளயே போயிடுச்சு."